வாசகர் கேள்வி – பதில்: பெண்பிள்ளைகள் பாடும் குழு

கேள்வி: பெண்பிள்ளைகள் மட்டும் பாடும் குழுக்கள் எப்போது தொடங்கின? (வாசகி, உடுவில்)

ஐரோப்பியத் தேவாலயங்களில் மேல்குரலை நெடுங்காலம் சிறுவர்களும் ஆண்களுமே பாடினார்கள். கன்னியர் மடங்களும் வெனிஸ் நகரத்து அநாதைப் பெண்கள் இல்லங்களும் விலக்கு. அப்படியொரு இல்லமான பியெத்தாவில் 1703இல் வேலைக்குச் சேர்ந்த இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டி, அங்கிருந்த பெண்களுக்கென்றே இசை எழுதினார். அவர்கள் கம்பித் தட்டிக்குப் பின்னால் மறைந்து நின்றுதான் பாடினார்கள். இங்கிலாந்தின் சால்ஸ்பரி பேராலயம் சிறுமியருக்குத் தனிக்குழு அமைத்தது 1991இல். உங்கள் ஊர் மகளிர் கல்லூரிக்கு அப்போது 167 வயது!

கேள்வி: 12 முதல் 17 வயது வரை 24 பிள்ளைகள். தனியே சரியாகப் பாடுகிறார்கள். மூன்று குரலாகப் பிரித்தால், கீபோர்ட் இல்லாமல் இரண்டாம் சரணத்திலேயே சுருதி இறங்கிவிடுகிறது. ஏன் ரீச்சர்? (மானிப்பாய்)

முதலில் கீழ்க்குரலைப் பாருங்கள். உயரமான பிள்ளை, மூத்த பிள்ளை என்று அல்ட்டோ என்னும் அந்தக் கீழ்க்குரலுக்கு அனுப்புவதுதான் வழமையான பிழை. கீபோர்டின் நடு ஸி-க்குக் கீழுள்ள ஏ சுரத்தை அழுத்தாமல் பாட முடிகிறவர்களையே அங்கே விடுங்கள். தாழ்ந்த சுரத்தில் இளம் குரலுக்குச் சத்தம் குறைவு. அதனால் மேலே 8, நடுவில் 7, கீழே 9 என்று பிரிப்பது நல்லது. 12–14 வயதில் குரல்நாண்கள் பின்பக்கம் முழுதாக மூடாமல் குரலோடு காற்றும் கசியும். அது வளர்ச்சி, நோயல்ல. உரத்துப் பாடச் சொல்லாதீர்கள்.

அடுத்தது நம்மூருக்கே உரிய சிக்கல். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் பழகிய பிள்ளைகள் சுரத்தை அசைத்தே பாடுவார்கள். தனிப்பாட்டுக்கு அது அழகு. மூன்று குரல் சேரும்போது காந்தாரம் (க) அசைந்தால் கூட்டொலி கலங்கும். அதற்கு ஒரு பயிற்சி: சுருதிப்பெட்டியில் ஸ மட்டும் ஒலிக்க, ஒரு குழு ஸ, ஒரு குழு ப, கடைசியாக மூன்றாவது குழு க. வாயை மூடி ‘ம்ம்’ என்று 10 விநாடி. பிறகு பெட்டியை நிறுத்துங்கள். யார் இறங்குகிறார்கள் என்று உடனே கேட்கும்.

சங்கராபரணம் போன்ற ராகத்தில் மேல்ஸ-விலிருந்து நி-க்கு இறங்குவது அரைச்சுரம்தான். பிள்ளைகள் அதைப் பெரிய படியாக எடுத்துவிடுவார்கள். சரணத்துக்குச் சரணம் சேர்ந்துகொண்டே போகும் நட்டம் அங்கேதான். அந்த இரண்டு சுரத்தையும் தனியே எடுத்து மெதுவாகப் பழக்குங்கள். ஒரே சுரம் நீண்டுகொண்டு போகிற இடத்திலும், வரி முடிவதற்குள் மூச்சுத் தீர்ந்து போகிற இடத்திலும் இதே கதைதான். எல்லாம் செய்தும் இறங்கினால், பாட்டையே அரைக்கட்டை ஏற்றிப் பாருங்கள். பல பாட்டுகளில் சுருதி இறங்குவது அதோடு நின்றுவிடும்.