எம்பிஏ பிரசுரத்தோடு வந்த ஐயாவுக்கு

போன கிழமை வெள்ளவத்தையில் இருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, மகள். படிப்பு, தொழில் பற்றி ஆலோசனை கேட்டு என்னிடம் வருகிற மகள்மாருக்கு வழக்கமாகப் பதினெட்டு வயதிருக்கும், உயர்தரப் பெறுபேறு கையில் இருக்கும். இந்த மகளுக்கு 38. இரண்டு பிள்ளைகளின் தாய். ஒரு லீசிங் கம்பனியின் கணக்குப் பகுதியில் 13 வருடமாக வேலை. சனி, ஞாயிறில் தெரிந்தவர்களின் தொடர்மாடி வீடுகளுக்கு இன்டீரியர் செய்து கொடுக்கிறார். குசினி அலுமாரி, சீலிங், திரைச்சீலை, பூசை அறை என்று ஒவ்வொன்றாகப் பிடித்த வேலை இப்போது அவரை விடுவதாக இல்லை. அதை முழுநேரத் தொழிலாக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அப்பா அம்மாவுக்கு அதனால்தான் நித்திரை இல்லை.

ஐயா ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர், எதையும் ஃபைல் போட்டு வைக்கிறவர். ஃபைலுக்குள் மூன்று எம்பிஏ பிரசுரங்கள். "மிஸ், இதில எது நல்லதெண்டு மட்டும் சொல்லுங்கோ, காசு நான் கட்டுறன்" என்றார். டொரொன்டோவில் இருக்கும் மகன் சொல்லிவிட்டாராம்: தொழில் தொடங்குவதென்றால் முதலில் எம்பிஏ, அப்போதுதான் நாலு பேர் மதிப்பார்கள். மகளின் மச்சாள் வேறு மாதிரி. "ஒஃபிஸ் உத்தியோகத்தை விட்டிட்டு தச்சுப் பாஸ்மாரோட சண்டை பிடிக்கப் போறியோ?"

இந்த வயதில் தொழில் மாறுகிறவர்கள் நிறையப் பேர், பயப்படாதீர்கள் என்று நானும் கொஞ்சம் ஆறுதல் சொன்னேன். பிறகு மகளிடம் கேட்டேன்: கடைசியாகச் செய்த வீட்டில் உங்களுக்கு மிஞ்சியது எவ்வளவு?

கொப்பி ஒன்றை எடுத்தார். கொட்டாஞ்சேனையில் ஒரு வீடு. வீட்டுக்காரர் கொடுத்தது ஆறு லட்சம். பலகை குறைந்துபோய் நடுவில் இரண்டு ஷீட் சில்லறை விலைக்கு வாங்கியது, சிங்குக்குக் கீழே போட்ட எம்டிஎஃப் பலகை தண்ணீர் பட்டு ஊதிப்போய்க் கதவு மூட முடியாமல் தன் செலவில் மாற்றிக் கொடுத்தது, பாஸுக்குக் கடைசியில் கூட்டிக் கொடுத்தது எல்லாம் கழித்தால் மிச்சம் 31,000 ரூபாய். நான்கு மாதச் சனிக்கிழமைகளுக்கு. முச்சக்கரவண்டிக் காசு கணக்கிலேயே இல்லை, ஒரு கணக்காளர் தன் கணக்கில் அதை விட்டிருக்கிறார்! படங்களைக் காட்டினார், வீடு அழகாக இருந்தது, அதில் மறுபேச்சு இல்லை. அந்த வீட்டுக்காரர் இன்னும் இரண்டு பேருக்கு இவரைச் சொல்லியும் விட்டிருக்கிறார்.

ஐயா, உங்கள் மகளுக்கு ரசனை இருக்கிறது, வேலை தேடி வருகிறது, கணக்கும் தெரியும். இல்லாதது ஒன்றுதான்: ஒரு வேலையை அது தொடங்குவதற்கு முன்னால் அளந்து விலை போடும் பழக்கம். பொதுவான எம்பிஏயில் அதைச் சொல்லித்தர மாட்டார்கள். அங்கே நிறுவன உத்தி, மனிதவளம், சந்தைப்படுத்தல் என்று நல்ல பாடங்கள் இருக்கின்றன, ஒரு பிரிவை நடத்துகிறவர் அடுத்த கதிரைக்குப் போக உதவும், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் வகுப்பு நடப்பதோ வார இறுதியில், இவர் வேலை நடக்கும் இடத்துக்குப் போவதும் வார இறுதியில், பிள்ளைகளோடு இருப்பதும் அதே வார இறுதியில். பல லட்சம் ரூபாயையும் இரண்டு வருடத்து ஞாயிறுகளையும் கொடுத்துவிட்டுக் கையில் ஒரு சான்றிதழோடு வந்து நின்றாலும், சிங்குக்குக் கீழே எந்தப் பலகை போடுவது என்ற கேள்வி அப்படியே இருக்கும். நாலு பேர் மதிப்பதற்காக என்றால் அது அந்த நாலு பேருடைய தேவை, அவர்களே கட்டட்டும்.

மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பட்டம், தனியார் நிறுவனங்களின் வெளிநாட்டு இணைப்புப் படிப்புகள் பற்றியும் கேட்டார்கள். அவை உயர்தரம் முடித்த பிள்ளைக்கான வழிகள். விளம்பரம் எல்லா இடத்திலும் இருக்கிறது, இங்கே விடுகிறேன்.

நான் சொன்ன வழியைக் கேட்டதும் அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. தொழில்நுட்பக் கல்லூரி. ஆம், 'டெக்'. உயர்தரத்தில் சரிவராத பெடியன்கள் போகும் இடம் என்று நம் ஆட்கள் ஒதுக்கிவைத்த இடம். மருதானையில் இருப்பது 1893இல் தொடங்கிய அரச தொழில்நுட்பப் பள்ளியின் தொடர்ச்சி. நாம் கையெடுத்துக் கும்பிடுகிற மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வரலாறும் அந்தப் பள்ளியில் இருந்துதான் தொடங்குகிறது, இதை மச்சாளிடமும் சொல்லுங்கள். அங்கே படவரைஞர் வேலையும், சாமானையும் செலவையும் முன்கூட்டியே அளந்து கணக்கிடும் கணிய அளவையியலும் படிக்கலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கான பகுதிநேர வகுப்புகளை விசாரியுங்கள். எந்த மொழியில் நடக்கிறது என்பதை விண்ணப்பம் நிரப்ப முன்னமே கேளுங்கள், சேர்ந்த பிறகு முழிக்க வேண்டாம்.

கணிய அளவையியல் என்றால் ஏதோ பெரிய கட்டடங்களுக்கு என்று நினைக்கிறார்கள். ஒரு சின்ன உதாரணம். 12 அடிக்கு 10 அடி அறை, 120 சதுர அடி. 2 அடிக்கு 2 அடி டைல்ஸ் என்றால் 30. வெட்டும்போது உடைவதற்கும் ஓரங்களுக்கும் பத்து வீதம் கூட்டினால் 33. இது எல்லோரும் போடும் கணக்கு. அறைக்கு ஒரு மூலையில் தூண் இருந்தால், கதவடியில் பாதி டைல் வந்தால், ஒரே தொகுதியில் வாங்காமல் பிறகு நாலு டைல் வாங்கப்போய் நிறம் மாறினால் என்ன செலவு என்பதை முன்கூட்டியே எழுதத் தெரிவதுதான் படிப்பு.

பலகைக் கணக்கு இன்னும் சுவையானது. ஒரு ஷீட் 8 அடிக்கு 4 அடி, 32 சதுர அடி. கொட்டாஞ்சேனை வேலைக்கு இவர் மொத்தப் பரப்பை 32ஆல் வகுத்து ஷீட் வாங்கியிருக்கிறார். அங்கேதான் குறைந்தது. 48 அங்குல அகலத்தில் 24 அங்குலத் துண்டு இரண்டு வராது, வாள் தன் பங்கைத் தின்றுவிடும். ஒவ்வொரு வெட்டுக்கும் மூன்று நான்கு மில்லிமீற்றர். அலுமாரியின் ஆழம் 25 அங்குலம் என்று ஆசைப்பட்டு வரைந்துவிட்டால் ஒரு ஷீட்டில் ஒரு நீளத் துண்டுதான், மீதி 23 அங்குலம் வேறு எங்காவது பயன்பட்டால் உண்டு. அந்த ஆழத்தை ஒன்றரை அங்குலம் குறைத்து, ஷீட்டுக்கு இரண்டு துண்டு வரும்படி வரைகிற பெண்தான் லாபம் பார்க்கிற பெண். கதவுகளுக்கு மரக்கோடு நிமிர்ந்து ஓட வேண்டும் என்றால் துண்டைத் திருப்பிப் போடவும் முடியாது. ஆகவே முதலில் எந்தத் துண்டு எந்த அளவில் எத்தனை என்கிற வெட்டுப் பட்டியல், அப்புறம் ஷீட் எண்ணிக்கை, அதற்குப் பிறகுதான் விலை. விளிம்புப் பட்டி எத்தனை அடி, கீல் எத்தனை, இழுப்பறைத் தண்டவாளம் எத்தனை சோடி என்று எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தே வந்துவிடும்.

மரீன் டிரைவ் பக்கம் இருக்கிற வீடுகளில் வேலை செய்கிறவருக்கு இன்னொன்று. கடற்காற்று மலிவான கீலைச் சீக்கிரமே துருவாக்கிவிடும். துருப்பிடிக்காத உருக்குக் கீல் போட்டால் விலை கூடும், அதைக் கொட்டேஷனில் தனி வரியாகக் காட்டி, இது ஏன் என்று வீட்டுக்காரருக்கு விளங்கப்படுத்த வேண்டும். சிங்குக்குக் கீழே தண்ணீர் தாங்கும் பிளைவுட், மற்ற இடங்களில் மெலமைன் பலகை என்று பிரித்துப் போடலாம். இதையெல்லாம் கரும்பலகையில் கற்க முடியாது. மொரட்டுவையில் தளபாடப் பட்டறை ஒன்றில் சனிக்கிழமை காலைகளில் போய் நில்லுங்கள், பட்டறைக்காரருக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் நிற்க விடுவார். பழைய சோனகத் தெருவில் நாலு கடை ஏறி இறங்கி விலை எழுதிக்கொள்ளுங்கள். சிங்களம் தட்டுத்தடுமாறியாவது பேச வேண்டும், இது தவிர்க்க முடியாதது. பாஸ் சொல்வது விளங்காமல் தலையாட்டுகிறவருக்குத்தான் கடைசியில் இரண்டு ஷீட் குறைகிறது.

சரி, சான்றிதழ் வேண்டுமே என்றார் ஐயா. இருக்கிறது. தேசிய தொழில் தகைமை, என்விகியூ என்று சொல்வார்களே, அது ஏழு மட்டம். முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்கு நிகர். ஏற்கெனவே செய்த வேலையை மதிப்பிட்டுத் தகைமை தரும் முறையும் அதற்குள் உண்டு, வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. நைட்டா என்கிற பயிலுனர் பயிற்சி அதிகாரசபையில் விசாரிக்கலாம். இவர் பிடிக்கும் துறைக்கு எந்த மட்டம்வரை தகைமைத் தரம் இருக்கிறது என்று கேட்டுவிட்டு, செய்த வீடுகளின் படம், வரைபடம், பற்றுச்சீட்டு, வீட்டுக்காரர் கொடுத்த கடிதம் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு போக வேண்டும். ஃபைல் போடத் தெரிந்த அப்பா இங்கே உதவலாம்.

இரண்டு எச்சரிக்கை. விசிட்டிங் கார்டில் கட்டடக்கலைஞர் என்று போடக் கூடாது, அது சட்டப்படி பதிவுபெற்றவர்களுக்கு உரிய பெயர். தொடர்மாடியில் சுவரை உடைப்பதென்றால் அந்தத் தொடர்மாடியின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் அனுமதியும் பொறியியலாளரின் கையெழுத்தும் இல்லாமல் சுத்தியல் தூக்கவே கூடாது. அடுத்தவர் வீட்டுக் கூரையும் அதே சுவரில்தான் நிற்கிறது.

இனிக் காசு. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஐயா, உங்கள் சேமிப்பைத் தொடாதீர்கள். மகள் நகையை அடகு வைக்கவும் வேண்டாம். ஷோரூம் கனவு இப்போதைக்கு இல்லை, காலி வீதி வாடகைக்கு உழைப்பதற்காக ஒருவர் தொழில் தொடங்குவதில்லை. 2022ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அதற்கு முன் நிலையான விலையில் கையெழுத்துப் போட்டவர்கள் இறக்குமதிச் சாமானைக் கைக்காசு போட்டு வாங்க வேண்டி வந்தது. கொட்டேஷனில் இந்த விலை 14 நாளைக்கு மட்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் பாதித் தலையிடி குறைந்திருக்கும்.

உத்தியோகத்தையும் இப்போதே விடக் கூடாது. சம்பளத்துக்கு மேல் முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் போடுகிறார், விட்ட அன்றே அந்த 15 வீதம் நின்றுவிடும். விடுகிற நாளில் பணிக்கொடை உண்டு. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், 13 வருடத்துக்கு ஆறரை மாதச் சம்பளம். தொழிலுக்கான முதலீடு அதுதான், அப்பாவின் சேமிப்பு அதில் சேராது. மூன்று வேலையை இந்த வெட்டுப் பட்டியல் முறையில் செய்து, மூன்றிலும் தன் நேரத்துக்கும் கூலி போட்டு, அதற்குப் பிறகும் லாபம் நின்றால் ராஜினாமாக் கடிதத்தைப் பற்றிக் கதைக்கலாம்.

அம்மாவுக்குக் கடைசிப் பயம் ஒன்று இருந்தது, பொம்பிளைப் பிள்ளை, இரண்டு குழந்தைகள், இது ஆம்பிளைகள் செய்கிற தொழில். கொள்ளுப்பிட்டியில் காலி வீதியில் இருக்கிற பெயார்ஃபுட் கைத்தறிக் கடையைத் தெரியும் என்றார். 1960களில் அதை உருவாக்கிய பார்பரா சன்சோனியும் ஒரு தாய்தான். கன்னியாஸ்திரிகள் நடத்திய நெசவுக்கூடப் பெண்களுக்கு நிறமும் வடிவமும் சொல்லிக்கொடுக்கப்போய் அது தொழிலாக வளர்ந்தது, கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் கட்டடங்களுக்குள்ளும் அந்தத் துணி போனது. எல்லோருக்கும் அப்படி அமையும் என்று சொல்லவில்லை. தாய் என்பதால் முடியாது என்ற கதையை மட்டும் இனி எடுக்க வேண்டாம்.

பிள்ளைகள்தான் கவலை என்றால் அதற்குக் காசு தேவையில்லை. பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடுகிறது. ஐயாவும் அம்மாவும் கிழமையில் மூன்று நாள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்து, சாப்பாடு கொடுத்து, ரியூஷனுக்கு அனுப்பினால் அது எந்த எம்பிஏ கட்டணத்தையும்விடப் பெரிய உதவி. புருஷன் சனிக்கிழமையைப் பார்த்துக்கொள்ளட்டும். அவரை அன்று கூட்டிவரவில்லை, அடுத்த முறை அவர் வராமல் நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

எழுந்து போகும்போது மகள் ஒரு விஷயம் சொன்னார். மச்சாள் தெஹிவளையில் புது வீடு வாங்கியிருக்கிறாராம், குசினியைக் "கொஞ்சம் பார்த்து" செய்து தரச் சொல்லியிருக்கிறாராம், சொந்தம்தானே என்று. செய்யுங்கள், தாராளமாகச் செய்யுங்கள். வெட்டுப் பட்டியல் போட்டு, கீல்வரை எழுதி, உங்கள் கூலியைத் தனி வரியில் காட்டிக் கொட்டேஷன் கொடுங்கள். பாதி முற்பணம் கணக்குக்கு வந்த பிறகு பலகைக்கு ஓர்டர் போடுங்கள்.