ராத்திரிச் சாப்பாட்டுக்கு பிரட்டும் சூப்பும்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: இரவு எட்டு மணிக்கு வீட்டில் ஐந்து பேரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பிரட், சூப் இரண்டில் எதை முதலில் ஆரம்பிப்பது அக்கா?

பதில்: பிரட்டைத்தான். சூப் அடுப்பில் காத்திருக்கும், பொங்கிய மாவு காத்திருக்காது. எட்டிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பிரட் ஆற ஒரு மணி நேரமாவது வேண்டும், அதனால் 6.45க்கு ஓவனை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். 220 டிகிரியில் வேக 35, 40 நிமிடம். உருட்டி வைத்தபின் இரண்டாம் முறை பொங்க முக்கால் மணி. முதல் முறை பொங்க ஒன்றரை மணி, பிசைய ஒரு கால் மணி. ஆக, மாலை மூன்றரைக்கு முன்பே மாவில் கை வைத்திருக்க வேண்டும். 500 கிராம் மைதா, 310 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு, 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், அவ்வளவுதான். தண்ணீரையும் தராசிலேயே வையுங்கள். கடிகாரத்தைவிட மாவைப் பாருங்கள்: இருமடங்காக வேண்டும், குளிர்நாளில் இன்னும் அரை மணி கூடும். பிரட்டை ஆற வைத்துவிட்டு அந்த ஒரு மணி நேரத்தில் சூப்பைத் தொடங்கினால் இரண்டும் சேர்ந்து மேசைக்கு வரும்.

கேள்வி: தராசு இல்லை. கப் கணக்கு சொல்லுங்களேன்.

பதில்: சொல்ல மாட்டேன். ஒரே கப்பில் மாவைத் தளரத் தூவி எடுத்தால் 120 கிராம், அழுத்தி அள்ளினால் 150 கிராம் வரும். நான்கு கப்புக்கு அது 120 கிராம் வித்தியாசம். தராசு வாங்குங்கள்.

கேள்வி: ஈஸ்டைச் சுடுதண்ணீரில் போட்டேன், நுரைக்கவே இல்லை.

பதில்: செத்துவிட்டது. 55, 60 டிகிரியில் ஈஸ்ட் உயிரோடு இருக்காது. விரலை விட்டால் சூடு தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும், 35 டிகிரி போதும். இன்ஸ்டன்ட் ஈஸ்டை ஊற வைக்கவே வேண்டாம், நேரே மாவில் கலக்கலாம்.

கேள்வி: முழுக் கோதுமை மாவில் செய்யலாமா?

பதில்: முதலில் பாதிக்குப் பாதி. தவிடு தண்ணீரை இழுக்கும், கொஞ்சம் கூட்டுங்கள்.

கேள்வி: என் காய்கறி சூப் வெந்நீர் மாதிரி இருக்கிறது. காய் நிறையத்தான் போடுகிறேன்.

பதில்: காயை நேரே தண்ணீரில் போட்டிருப்பீர்கள். முதலில் அடிகனமான பாத்திரத்தில் வெண்ணெய், பொடியாக நறுக்கிய இரண்டு வெங்காயம், ஒரு சிட்டிகை உப்பு போட்டு, மூடி, சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் விடுங்கள். சிவக்கக் கூடாது. மூடியைத் திறந்தால் வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகி, கரண்டியால் அழுத்தினால் நசுங்க வேண்டும், காரமான வாடை போய் இனிப்பு வாசனை வர வேண்டும். அப்புறம் கேரட், உருளைக்கிழங்கு, அவை ஐந்து நிமிடம் புரண்ட பிறகு காய் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர். தக்காளி, எலுமிச்சை எல்லாம் கடைசியில், புளிப்பு முன்பே சேர்ந்தால் கிழங்கும் பருப்பும் வேக மறுக்கும். மிக்சியில் சூடாக அரைப்பதாக இருந்தால் பாதி ஜாருக்கு மேல் ஊற்றாதீர்கள், ஆவி போக வழி விடுங்கள். மூடி தெறித்து முகத்தில் அடிக்கும், இதில் விளையாட வேண்டாம்.

கேள்வி: மாவு கையில் ஒட்டுகிறது. மூன்று கப் மாவு, ஒன்றரை கப் தண்ணீர்.

பதில்: கப். மேலே சொல்லிவிட்டேன். தராசு.

கேள்வி: ஒரு மணி நேரம் ஆற வைத்தால் சூட்டோடு சாப்பிடும் சுகமே போய்விடுமே? நாங்கள் ஓவனிலிருந்து எடுத்ததும் வெட்டுகிறோம், யாரும் குறை சொன்னதில்லை.

பதில்: வெட்டிய கத்தியைப் பாருங்கள், பசை ஒட்டியிருக்கும். வெளியே எடுத்தபோது பிரட்டின் நடுவில் 95 டிகிரி இருக்கும், உள்ளே மாவுச்சத்து இன்னும் இறுகவில்லை. அப்போது வெட்டினால் ஆவி மொத்தமும் வெளியேறி, மிச்சம் மறுநாள் காய்ந்து கிடக்கும்.

அவரே மறுபடியும்: எங்கள் வீட்டில் மறுநாளைக்கு மிச்சமே இருக்காது.

இன்னொருவர்: அவர் சொல்வது சரிதான். ஆறிய பிரட்டுக்கு வீட்டில் சுடுவானேன்?

பதில்: சரி, மிச்சம் இல்லாத வீட்டில் காய்வதைப் பற்றிய என் பேச்சு செல்லாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பசை பசைதான், சூப்பில் தோய்த்தால் கூழாகிக் கரண்டியில் வரும். சூடு வேண்டுமானால் இரண்டு வழி. ஆறிய பிரட்டை வெட்டாமல் 180 டிகிரியில் எட்டு நிமிடம் மறுபடி வைத்தால் மேலோடு மொறுமொறுவென்று திரும்பும். இல்லை, அதே மாவைப் பத்து உருண்டையாக்கிச் சின்ன பன்னாகச் சுடுங்கள், 20 நிமிடத்தில் வெந்துவிடும், கால் மணியில் பிட்டுச் சாப்பிடலாம். அவசரக்காரர்களுக்கு பன்தான்.

கேள்வி: சூப்பில் உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கு போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. கிழங்கு உப்புத் தண்ணீரைக் குடிக்கும், மிச்சத் தண்ணீரின் கரிப்பு அப்படியேதான் இருக்கும். தண்ணீர் கூட்டுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை நோய், எத்தனை துண்டு கொடுக்கலாம்?

பதில்: அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். நான் சொல்லக் கூடாத விஷயம்.

கேள்வி: 500 கிராம் மாவு எத்தனை கப்?

பதில்: தராசு.

கேள்வி: மிஞ்சியதை எப்படி வைப்பது?

பதில்: பிரட்டை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், வெளியில் இருப்பதைவிடச் சீக்கிரம் விறைத்துவிடும். துண்டு போட்டு ஃபிரீசரில் வைத்து, வேண்டியதை மட்டும் எடுத்து வாட்டுங்கள். சூப்பை அகலமான பாத்திரத்துக்கு மாற்றிச் சீக்கிரம் ஆற வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள், மறுநாள் நன்றாகக் கொதிக்கவிட்டுச் சாப்பிடுங்கள்.