போக்கரில் துரும்பு கிடையாது
வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: 304 என்ற காட் ஆட்டம் ஆடிப் பழகிய நாங்கள் இப்போது போக்கர் பழகுகிறோம். ஒருவர் ஐந்தும் ஸ்பேட்டாக விரித்தார். மற்றவரிடம் இனம் கலந்த 5, 6, 7, 8, 9. வரிசை சேருவதுதான் கஷ்டம், அதுதான் பெரிசு என்று பாதிப்பேர் நிற்கிறார்கள். ஆர் வென்றது? - கொக்குவில் வாசகர்

பதில்: ஸ்பேட் வைத்திருந்தவர். ஐந்தும் ஒரே இனம் என்றால் ஃபிளஷ், இனம் கலந்த வரிசை ஸ்ட்ரெயிட். 52 காட்டில் ஐந்து காட் 2,598,960 விதமாக வரலாம். அதில் ஃபிளஷ் 5,108, ஸ்ட்ரெயிட் 10,200. அரிதாக வருவதே பெரிது என்றுதான் முழு அடுக்கும் அமைந்திருக்கிறது: ஒரே இனத்தில் வரிசை, நாலும் ஒன்று, ஃபுல் ஹவுஸ் (மூன்றும் ஒன்று, கூடவே ஒரு சோடி), ஃபிளஷ், ஸ்ட்ரெயிட், மூன்றும் ஒன்று, இரண்டு சோடி, ஒரு சோடி, கடைசியாக வெறும் பெரிய காட்.

304 ஆடிய கைக்கு இன்னொரு பழக்கமும் ஒட்டியிருக்கும். அங்கே புள்ளிக் கணக்கில் ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2. போக்கரில் ஆஸ், கிங், குயின், ஜாக், பத்து என்றுதான் இறங்கும். ஒன்பதுச் சோடி குயின் சோடியிடம் தோற்கும். மற்ற இனங்களை வெட்டும் துரும்பும் இல்லை. இரண்டு பேருக்கு ஃபிளஷ் வந்தால் ஸ்பேட்டா டயமண்டா என்று பார்ப்பதில்லை. பெரிய காட்டில் இருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். ஐந்தும் சரிசமம் என்றால் மேசையில் உள்ளதைப் பங்கிட வேண்டியதுதான்.

கேள்வி: ஹோல்டெம் என்ற போக்கர் வகையில், கையில் இரண்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து காட். மேசையில் கிங், கிங், 9, 9, 4. என் கையில் 6, 6. மூன்று சோடி! எதிராளியிடம் ஆஸும் மூன்றும். ஆனாலும் அவர்தான் வென்றார் என்கிறார்கள். - சாவகச்சேரி வாசகர்

பதில்: சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஏழு காட் கிடைத்தாலும் கணக்கில் வருவது ஐந்து மட்டும். அதனால் மூன்று சோடி என்றொரு கை இல்லை. உங்கள் சிறந்த ஐந்து: கிங், கிங், 9, 9, 6. அவருடையது: கிங், கிங், 9, 9, ஆஸ். சோடிகள் இரண்டும் சமம், ஐந்தாவது காட்தான் தீர்ப்பு. அதைக் கிக்கர் என்பார்கள். அதிகம் சண்டை வருவது இந்த இடத்தில்தான். கை காட்டும்போது ஏழையும் மேசையில் வைத்து, எண்ணும் ஐந்தை முன்னால் தள்ளிவிடுங்கள். ஆறாவது, ஏழாவது காட்டை ஒருவரும் ஒப்பிடக் கூடாது.

கேள்வி: குயின், கிங், ஆஸ், 2, 3 வரிசையா? - பருத்தித்துறை வாசகர்

பதில்: இல்லை. ஆஸ் ஒன்றில் தலையில் நிற்கும், அல்லது அடியில் நிற்கும், நடுவில் நிற்காது. ஆஸ், 2, 3, 4, 5 சரியான வரிசை, ஆனால் அதுதான் ஆகச் சிறியது. 2, 3, 4, 5, 6 அதை வெல்லும்.

கேள்வி: 304க்குப் பிரித்து வைத்த 32 காட்டிலேயே போக்கர் ஆடலாமா? - மானிப்பாய் வாசகர்

பதில்: ஆடலாம், ஆனால் அடுக்கு குழம்பிவிடும். 7 முதல் ஆஸ் வரை மட்டும் இருந்தால் ஓர் இனத்துக்கு எட்டுக் காட்தான். ஃபிளஷ் சேருவது மிகக் கடினமாகிறது. கணக்குப் பார்த்தால் ஃபிளஷ் 208, நாலும் ஒன்று 224, ஃபுல் ஹவுஸ் 1,344. அதாவது ஃபிளஷ் நாலும் ஒன்றையும் தாண்டி மேலே போகவேண்டும். பழகுகிறவர்களுக்கு இது வேண்டாத குழப்பம். எடுத்து வைத்த 2 முதல் 6 வரையான இருபது காட்டையும் திரும்பச் சேர்த்து, 52 இருக்கிறதா என்று எண்ணிவிட்டுப் பகிருங்கள். 304இல் புள்ளி வைக்க எடுத்த ஆறுகள் வேறு இடத்தில் கிடக்கலாம், அவற்றையும் தேடிப் போடுங்கள்.