ஒரு மெஷினா, நாற்பதுமா?

கேள்வி: எங்கள் கல்லூரி லேபில் 40 உபுண்டு மெஷின்கள், மாணவர்களின் ஹோம் ஃபோல்டர் எல்லாம் ஒரே என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும்) சர்வரில். காலை வகுப்பு தொடங்கியதும் எல்லாம் உறைந்துபோகிறது. சர்வரில் 'டாப்' போட்டால் சிபியு சும்மா இருக்கிறது, லோடு ஆவரேஜ் மட்டும் 8-ஐ ஒட்டியே நிற்கிறது. நெட்வொர்க் போக்குவரத்தைக் காட்டும் ஐஃப்டாப்பிலும் யாரும் பெரிதாக இழுப்பதாகத் தெரியவில்லை. எந்த மெஷின் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அந்த 8-லேயே பாதிப் பதில் இருக்கிறது. லினக்ஸில் லோடு ஆவரேஜ் என்பது சிபியு கேட்பவர்களை மட்டும் எண்ணுவதில்லை, டிஸ்க்குக்காகக் காத்துக் கிடப்பவர்களையும் சேர்த்தே எண்ணும். என்எஃப்எஸ் சர்வரின் த்ரெட்கள் (கோரிக்கைகளைக் கவனிக்கும் வேலையாட்கள்) பல நிறுவல்களில் இயல்பாக 8. சிபியு சும்மா, லோடு 8 என்றால் எட்டுப் பேரும் டிஸ்க் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். 'ஐயோஸ்டாட்' ஓடவிட்டு டிஸ்க்கின் காத்திருப்பு நேரத்தைப் பாருங்கள், உறுதியாகிவிடும்.

ஐஃப்டாப் ஏன் காட்டவில்லை? அது பைட்டுகளை எண்ணுகிறது, உங்களைக் கொல்வது கோரிக்கைகளின் எண்ணிக்கை. ஒருவர் பெரிய வீடியோவை வினாடிக்கு 100 எம்பி வேகத்தில் காப்பி செய்தால், ஒரு கோரிக்கைக்கு 1 எம்பி வீதம் வெறும் 100 கோரிக்கைதான். பிரவுசர் அப்படியில்லை, ஹிஸ்டரி, குக்கி எல்லாவற்றையும் எஸ்க்யூலைட் (சிறிய டேட்டாபேஸ்) கோப்புகளில் சில கேபி எழுதிவிட்டு "டிஸ்க்கில் பதிந்துவிட்டதா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கும். பதியாமல் சர்வர் பதில் சொல்லக் கூடாது. 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் ஒன்று இப்படிச் சிதறிய வேலையை வினாடிக்கு நூறு, நூற்றைம்பது தடவை செய்தாலே பெரிது. 40 மெஷின், தலைக்கு ஐந்து என்றாலே 200 ஆகிவிட்டது, ஆனால் நெட்வொர்க்கில் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும்.

சரி, எண்ணுவது எப்படி? சர்வரில் 'என்எஃப்எஸ்ஸ்டாட்' எல்லா கிளையண்டுகளையும் (சர்வரை நாடும் மெஷின்களையும்) கூட்டித்தான் சொல்லும், அதுவும் பூட் ஆனதிலிருந்து. பத்து வினாடி இடைவெளியில் இரண்டு முறை எடுத்துக் கழித்துப் பாருங்கள், எந்த வகைக் கோரிக்கை எகிறுகிறது என்று தெரியும், யார் என்று தெரியாது. லினக்ஸ் கெர்னல் 5.3-லிருந்து, என்எஃப்எஸ் பதிப்பு 4-இல் மவுண்ட் செய்த கிளையண்டுகளுக்கு, ப்ராக் (/proc) அடைவுக்குள் ஆளுக்கொரு ஃபோல்டர் வருகிறது. யார் இணைந்திருக்கிறார், எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறார் என்பதை அதில் பார்க்கலாம், ஆனால் எத்தனை கோரிக்கை என்ற கணக்கு அங்கே கிடைக்காது. அதற்கு நான் நம்புவது, நெட்வொர்க் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிஷார்க்தான். 2049 போர்ட்டில் உள்ளே வரும் ஆர்பிசி அழைப்புகளை (கிளையண்ட் அனுப்பும் கோரிக்கைகளை) மட்டும் ஒரு நிமிடம் பிடித்து, அனுப்பிய ஐபி வாரியாக எண்ணி, பெரியதிலிருந்து வரிசைப்படுத்துங்கள். வெறும் பாக்கெட்டை எண்ணாதீர்கள், ஏசிகே (வந்து சேர்ந்தது என்ற ஒப்புதல்) எல்லாம் சேர்ந்து குழப்பிவிடும்.

ஒரு ஐபி மட்டும் மலைபோல உயர்ந்தால் அந்த மெஷினில் போய் உட்காருங்கள். முன்பு நான் வேலை செய்த இடத்தில் இப்படித் தேடிப் போனபோது, ஒருவர் ஆயிரக்கணக்கான கோப்புகள் உள்ள ஃபோல்டரை நொடிக்கொரு முறை முழு விவரத்தோடு பட்டியலிடும் கட்டளையை ஓடவிட்டு ஊருக்கே போய்விட்டார். அந்த மெஷினில் 'என்எஃப்எஸ்-ஐயோஸ்டாட்' போட்டால் ஆர்டிடி (கோரிக்கை போய்ப் பதில் வரும் நேரம்) என்று ஒரு நேரமும் எக்ஸிக்யூட் (மெஷினுக்குள் காத்திருந்ததையும் சேர்த்த மொத்தம்) என்று ஒரு நேரமும் காட்டும். ஆர்டிடி அதிகமென்றால் தாமதம் சர்வரிலோ கேபிளிலோ. எக்ஸிக்யூட் மட்டும் நீண்டால் கோரிக்கைகள் அந்த மெஷினுக்குள்ளேயே தேங்குகின்றன.

எல்லா ஐபியும் கிட்டத்தட்ட சமமாக வந்தால் (உங்கள் கதையில் அதுதான் வரும் என்று தோன்றுகிறது) குற்றவாளி என்று தனியாக யாரும் இல்லை. பிரவுசரின் கேஷ் ஃபோல்டரை அந்தந்த மெஷினின் டிஸ்க்குக்கு மாற்றுங்கள், சர்வரில் எஸ்எஸ்டி போடுங்கள். த்ரெட்களை 64 ஆக்கினால் டிஸ்க் முன்னால் வரிசைதான் நீளும். அப்புறம், எக்ஸ்போர்ட்டில் (சர்வர் ஃபோல்டரைப் பகிரும் அமைப்பில்) 'அசிங்க்' போட்டால் பறக்கும் என்று யாராவது சொல்வார்கள். பறக்கும்தான், ஆனால் எழுதாமலேயே எழுதியாயிற்று என்று சர்வர் சொல்லிவிடும், அந்த நேரத்தில் கரண்ட் போனால் மாணவர்களின் ப்ராஜெக்ட் கோப்புகளுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.