எண்ணே இல்லாத துப்பாக்கி: வாசகர் கேள்விகள்

கேள்வி: அமெரிக்காவில் 'கோஸ்ட் கன்' என்று எதைச் சொல்கிறார்கள்? வரிசை எண்ணை அழித்த துப்பாக்கியா? (கோவை)

பதில்: அது வேறு. அழித்த எண்ணைத் தடயவியல் ஆய்வகத்தில் பல நேரம் மீட்டுவிடலாம். எண்ணை அச்சால் அடித்துப் பதிக்கும்போது, அதன் கீழே உள்ள உலோகமும் நசுங்கியிருக்கும். மேற்பரப்பை மெருகேற்றி அமிலக் கரைசல் தடவினால் நசுங்கிய பகுதி வேறு மாதிரி அரிபடும். எண் மங்கலாகத் தெரியவரும். கோஸ்ட் கன்னில் எண் ஏறியதே இல்லை, மீட்க என்ன இருக்கிறது?

1968ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமம் பெற்ற தயாரிப்பாளர் ஒவ்வொரு துப்பாக்கியின் ஃபிரேம் அல்லது ரிசீவரிலும், அதாவது மற்ற உதிரிகளைத் தாங்கும் உடல் பாகத்தில், எண் பொறிக்க வேண்டும். ஆழம் குறைந்தது 0.003 அங்குலம், எழுத்தின் உயரம் 1/16 அங்குலம். சிலர் அந்தப் பாகத்தை அரைகுறையாக விட்டு, '80 சதவீதம்' முடிந்தது என்று பெயர் சூட்டி, மற்ற உதிரிகளோடு பெட்டியில் போட்டு விற்றார்கள். மீதி வேலையை வாங்குபவரே முடித்துக்கொள்வார். எண்ணும் இல்லை, வாங்குபவரின் பின்னணிச் சோதனையும் இல்லை. இந்த 80 என்ற கணக்கு சட்டத்தில் எங்கும் கிடையாது, விற்பவர்கள் கிளப்பியது.

கேள்வி: எண் இருந்தால் சொந்தக்காரர் பெயர் உடனே கணினியில் வந்துவிடுமா? (திருநெல்வேலி)

பதில்: வராது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டை எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் இதைத்தான் அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள். துப்பாக்கி உரிமையாளர் பட்டியலை மத்திய அரசு உருவாக்குவதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. எனவே மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள ஏடிஎஃப் (துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் மத்திய அமைப்பு) மையம் முதலில் தயாரிப்பாளரைக் கேட்கும். அவர் மொத்த வியாபாரியைக் காட்டுவார். அங்கிருந்து சில்லறைக் கடை. கடைக்காரர் தன்னிடமுள்ள, வாங்குபவர் நிரப்பித் தந்த 4473ஆம் எண் படிவத்தைப் புரட்டி முதலில் வாங்கியவர் பெயரைச் சொல்வார். அதன்பின் துப்பாக்கி கைமாறியிருந்தால், போலீஸ் கால்நடையாகத்தான் விசாரிக்க வேண்டும். எண் தருவது இந்த ஒரு நுனிதான். கொலை வழக்கில் அந்த நுனியும் இல்லையென்றால், பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2025 தீர்ப்பு கோஸ்ட் கன்களைத் தடை செய்துவிட்டதா? (புதுச்சேரி)

பதில்: இல்லை. பாகங்களை எளிதில் துப்பாக்கியாக மாற்ற முடிந்தால் அந்தப் பெட்டியும் துப்பாக்கியே என்று ஏடிஎஃப் 2022இல் விதி கொண்டுவந்தது. டெக்சாஸ் மாவட்ட நீதிபதி அதை ரத்து செய்தார். உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 26 அன்று 7-2 என்ற கணக்கில் விதியை ஏற்றது. ஐகியா என்ற அறைகலன் கடையில் பாகங்களாக வாங்கி இன்னும் பூட்டாத மேசையையும் 'மேசை' என்றுதானே சொல்கிறோம் என்று தீர்ப்பெழுதிய நீதிபதி கோர்சச் கேட்டார். ஆனால் எல்லா அரைகுறைப் பாகமும் விதிக்குள் வரும் என்று அவர் சொல்லவில்லை. பாகத்துக்குப் பாகம் வழக்கு இன்னும் வரும்.

விதியை எதிர்ப்பவர்களின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. இத்தகைய அரைகுறைப் பாகங்கள் துப்பாக்கி ஆகா என்று முன்பு கடிதம் எழுதிக் கொடுத்ததே ஏடிஎஃப்தான். அதை நம்பித் தொழில் நடத்தியவர்கள், மாற்றுவதானால் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) மாற்றட்டும் என்கிறார்கள். அது நியாயமான கேள்வி. இருந்தாலும் தீர்ப்பு சரி என்பதே என் கருத்து. எளிதில் துப்பாக்கியாக மாற்றத்தக்க கருவியையும் 1968 சட்டத்தின் வாசகமே துப்பாக்கி என்கிறது.

சொந்த உபயோகத்துக்கு ஒருவர் தானே செய்துகொள்வதை மத்தியச் சட்டம் இன்றும் தடுக்கவில்லை. எண் பொறிக்கவும் சொல்லவில்லை. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் எண் கட்டாயம் என்கின்றன. 2022 விதியின்படி, எண்ணில்லாத துப்பாக்கி உரிமம் பெற்ற வியாபாரியின் சரக்கில் சேர்ந்தால், 7 நாளுக்குள், அல்லது அதற்கு முன்பே கைமாறுவதாக இருந்தால் அதற்குள், அவர் எண் பொறித்தாக வேண்டும்.