ராட்டினங்களில் ஏறும்போது கழுத்திலும் முதுகிலும் அடிபடாமல் இருக்க என்ன செய்யலாம்?

விடுமுறைக்குப் பிள்ளைகளுடன் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போகிறேன், எனக்கு ஏற்கெனவே கழுத்துவலி உண்டு, எதில் ஏறலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நாகர்கோவிலில் இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். விடுமுறையும் கோயில் கொடைத் திருவிழாவும் முடிந்த கையோடு கழுத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்ப்பவன் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வலி தோளைத் தாண்டிக் கைக்கு இறங்குகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன என்றால் ரோலர் கோஸ்டர், கொலம்பஸ் என்கிற ஊஞ்சல்போல் ஆடும் படகு, ஒன்றோடொன்று மோதி விளையாடும் டாஷிங் கார் மூன்றும் உங்களுக்கு வேண்டாம். பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் வேண்டாம். கர்ப்பிணிகள், முதுகெலும்பில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், எலும்புத் தேய்வு உள்ள பெரியவர்கள், முடக்குவாதம் உள்ளவர்கள் ஆகியோருக்கும் இதுவே பதில். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிணைப்பு தளர்வாக இருக்கும். மருத்துவரைக் கேட்காமல் அவர்களை ஏற்றவே கூடாது.

வயதுவந்தவரின் தலை ஏறத்தாழ 5 கிலோ இருக்கும். பெரிய ரோலர் கோஸ்டர் பள்ளத்தில் இறங்கி மேலேறும் சில நொடிகளில் நம் எடை 3, 4 மடங்காகிறது. அப்போது கழுத்து சுமப்பது 15 முதல் 20 கிலோ. தலை நேராகவும் இருக்கையின் சாய்மானத்தில் ஒட்டியும் இருந்தால் நல்ல கழுத்து அதைத் தாங்கிக்கொள்ளும். திரும்பியோ குனிந்தோ இருக்கும்போதுதான் தசைநாரும் எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டும் அடிவாங்குகின்றன.

ஒரு தாயின் கதையைச் சொல்கிறேன். கொடைக்கு வந்திருந்த கொலம்பஸில் மகளோடு ஏறியிருக்கிறார். படகு உச்சிக்குப் போனதும் மகள் அலறினாள். இவர் ஒரு கையால் அவளை அணைத்து, முகத்தை முழுக்க அவள் பக்கம் திருப்பிய அதே நொடியில் படகு கீழே பாய்ந்தது. என்னிடம் வந்தபோது, பக்கவாட்டில் இருந்த நாற்காலியைப் பார்க்கக்கூட உடம்போடு சேர்ந்துதான் திரும்பினார். பெல்ட் அறவில்லை, கம்பி கழன்றுவிடவில்லை. பிள்ளை அழுதால் எந்தத் தாயும் திரும்பத்தான் செய்வாள். அதனால்தான் சொல்கிறேன்: நாம் பிடித்துக்கொண்டால்தான் உட்காரும் என்கிற நிலையில் உள்ள குழந்தையை அந்தச் சவாரிக்குக் கூட்டிப்போகாதீர்கள். உயரம் அளக்கும் பலகை முன்னால் பிள்ளையை எக்கி நிற்கவைத்து உள்ளே விடும் பெற்றோரைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. பெரியவர்களின் அளவுக்குச் செய்த தோள்பட்டைக் கம்பி அந்தப் பிள்ளையின் காதிலும் தாடையிலும்தான் மோதும்.

உட்காரும்போது இடுப்பை இருக்கையின் பின்விளிம்பு வரை தள்ளி, முதுகை ஒட்டி, பாதங்களைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். தலையைச் சாய்மானத்தில் அழுத்தி வையுங்கள், இரண்டு கைகளும் கம்பியில் இருக்கட்டும். கண் திறந்து, போகிற திசையைப் பாருங்கள். வரப்போகும் வளைவு தெரிந்தால் கழுத்துத் தசை தானாக இறுகித் தயாராகும். செல்பேசியை எடுக்கவே வேண்டாம். கொலம்பஸில் ஓரங்களைவிட நடுவரிசையில் ஆட்டம் குறைவு. டாஷிங் காரில் ஆபத்து பின்னாலிருந்து, நாம் எதிர்பாராதபோது வருகிறது. நின்றுபோன காரில் உட்கார்ந்து பக்கத்துக் காரில் இருப்பவரோடு பேசிக்கொண்டிருக்காதீர்கள்.

கன்னியாகுமரி பேவாட்ச் பூங்காவிலோ, எல்லை தாண்டிக் கேரளப் பூங்காக்களிலோ தண்ணீர்ச் சறுக்கில் இறங்குகிறவர்கள் முதுகைக் கவனிக்க வேண்டும். உட்கார்ந்தபடி வேகமாக வந்து விழுந்தால் அந்த அடி நேராக முதுகுத்தண்டில் ஏறும். அங்குள்ள பணியாளர் வேறு முறை சொல்லாதவரை மல்லாந்து படுத்து, கால்கள் முன்னே இருக்க, கணுக்கால்களைப் பின்னி, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு இறங்குவதே பாதுகாப்பு. கீழே வந்ததும் நிற்காமல் விலகிவிடுங்கள், பின்னால் வருகிறவர் உங்கள் மேல் மோதலாம்.

மறுநாள் கழுத்து இறுக்கமாக இருந்தால் பெரும்பாலும் தசைப்பிடிப்புதான். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து, மெதுவாக அசைத்துக்கொண்டிருந்தால் சில நாட்களில் தணியும். நம் மாவட்டத்தில் உடனே வர்ம ஆசானிடம் போய் எண்ணெய் போட்டுத் தடவிச் சுளுக்கெடுப்பது வழக்கம். வர்ம மருத்துவத்தை நான் மதிக்கிறேன், எங்கள் வீட்டிலும் அதை நம்புகிறவர்கள் உண்டு. ஆனால் புதிதாக அடிபட்ட கழுத்தை, எலும்பு முறியவில்லை என்று மருத்துவர் உறுதிசெய்யும்வரை யாரும் திருப்பவோ சொடுக்கவோ விடாதீர்கள். முடிதிருத்தும் கடையில் சொடுக்குவதற்கும் இது பொருந்தும்.

அரிதாக, மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கழுத்தில் கிழிவதும் உண்டு. அதன் அறிகுறிகள் சில நாட்கள் கழித்துக்கூட வரலாம். இதுவரை இல்லாத கடும் தலைவலி, தலைசுற்றல், முகம் ஒரு பக்கம் கோணுதல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். கைகால் மரத்தல், பலமின்மை, சிறுநீர் கட்டுப்படாமல் போதல் ஆகியவையும் அப்படித்தான். பூங்காவிலேயே ஒருவர் கழுத்தில் அடிபட்டுக் கிடந்தால் கைகளைப் பிடித்துத் தூக்கி உட்காரவைக்காதீர்கள், பைக்கில் நடுவே வைத்தும் கொண்டுபோகாதீர்கள். இரு பக்கமும் கையை வைத்துத் தலை அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.