உணரி வலையமைப்பே தரவுத்தளமாகும்போது: கேள்வி பதில்

பரவல் தரவுத்தளங்களும் (பல கணினிகளில் பரவிக் கிடக்கும் தரவுத்தளங்கள்) கம்பியில்லா உணரி வலையமைப்புகளும் (ரேடியோவில் பேசிக்கொள்ளும் சிறு அளவீட்டுக் கருவிகள்) சந்திக்கும் இடத்தில்தான் என் ஆய்வு பெரும்பாலும் நடந்திருக்கிறது. அந்த இடத்தைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

உணரிகள் அளக்கும் எண்களை எல்லாம் ஒரு சர்வருக்கு அனுப்பி அங்கே சேமித்தால் போதாதா? வலையமைப்பையே ஏன் தரவுத்தளம் என்கிறார்கள்? (இளநிலை மாணவி)

பேட்டரிதான் காரணம். 1 கிலோபிட் செய்தியை ரேடியோவில் 100 மீட்டர் தூரம் அனுப்பச் செலவாகும் ஆற்றலைக் கொண்டு ஒரு செயலி லட்சக்கணக்கான கட்டளைகளை நிறைவேற்றிவிடலாம் என்று 2000ஆம் ஆண்டில் வெளியான, பலராலும் எடுத்தாளப்படும் ஒரு கட்டுரை கணக்கிட்டது. கணக்குப் போடுவது மலிவு, பேசுவதுதான் விலை அதிகம். ஆகவே தரவை வினவலிடம் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) கொண்டுவருவதை விட, வினவலைத் தரவு பிறக்கும் இடத்துக்கே அனுப்புவது மேல். பெர்க்லியில் சாமுவேல் மேடனும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய டைனிடிபி இந்த எண்ணத்தில் பிறந்ததுதான். அதில் எல்லாக் கணுக்களும் (உணரியும் சிறு செயலியும் ரேடியோவும் பேட்டரியும் அடங்கிய கருவிகள்) சேர்ந்து ஓர் அட்டவணையாகத் தோன்றும். தரவுத்தளங்களிடம் கேள்வி கேட்கப் பயன்படும் எஸ்க்யூஎல் போன்ற மொழியில் அதனிடம் கேள்வி கேட்கலாம். ஆனால் கணு அளக்கும் வரை அந்த அட்டவணையில் வரிசை என்று எதுவும் கிடையாது. எதை, எப்போது அளப்பது என்பதையும் வினவலே தீர்மானிக்கிறது.

வழக்கமான வினவல் உகப்பாக்கத்திலிருந்து இது எங்கே வேறுபடுகிறது? (தரவுத்தள நிர்வாகி)

வினவல் உகப்பாக்கம் என்பது ஒரு வினவலுக்கு மிகக் குறைந்த செலவில் விடை காணும் வழியைத் தேர்வது. அந்தச் செலவுக்கு நீங்கள் வட்டில் படிக்கும் பக்கங்களை எண்ணுவீர்கள். இங்கே அளக்கும் செலவையே எண்ண வேண்டும். முடுக்கமும் காந்தப்புலமும் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மட்டும் தகவல் தேவை என்று வைத்துக்கொள்வோம். 2000களின் தொடக்கத்துக் கணுக்களில் காந்தமானி ஒருமுறை அளக்க, முடுக்கமானியைப் போலப் பல மடங்கு ஆற்றல் செலவாகும். எனவே முடுக்கத்தை முதலில் சோதித்து, அது தேறினால் மட்டுமே காந்தமானியை எழுப்ப வேண்டும்.

சராசரியை வலையமைப்புக்குள்ளேயே கணக்கிடலாம் என்கிறீர்கள். ஒவ்வொரு கணுவும் தன் கீழுள்ளவற்றின் சராசரியை மேலே அனுப்பினால் விடை சரியாக வருமா? (முதுகலை மாணவர்)

வராது. இந்தத் தவறைப் பலர் செய்கிறார்கள் என்பதால் நிதானமாகவே விளக்குகிறேன். கணுக்கள் ஒரு மரம்போல் இணைந்து, செய்திகளை ஒன்றிலிருந்து ஒன்றாக மேலே, வேராக இருக்கும் மையநிலையம் வரை கடத்துகின்றன. ஒரு கிளையில் நான்கு கணுக்கள், ஒவ்வொன்றும் 30 பாகை; இன்னொரு கிளையில் ஒரே கணு, 40 பாகை. சராசரிகளின் சராசரி 35 என்று வரும். உண்மை விடையோ 160ஐ 5ஆல் வகுத்தால் கிடைக்கும் 32. ஆகவே ஒவ்வொரு கணுவும் கூட்டுத்தொகை, எண்ணிக்கை என்ற இரண்டு எண்களை மேலே அனுப்ப வேண்டும்; வகுத்தல் வேரில் ஒருமுறை நடந்தால் போதும். மேடன் குழுவினர் 2002இல் வெளியிட்ட 'டேக்' முறையின் மையக் கருத்து இதுதான். இதன்படி எத்தனை கணுக்கள் கீழே இருந்தாலும் ஒரு கணு அனுப்பும் செய்தியின் அளவு மாறுவதில்லை. வேருக்கு அருகிலுள்ள கணுக்கள் மற்றவர்களின் செய்திகளைச் சுமந்தே பேட்டரி தீர்ந்து இறப்பதும் குறைகிறது. இடைநிலை மதிப்புக்கு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) இந்தச் சலுகை இல்லை. எல்லா மதிப்புகளும் தெரிந்தால்தான் அதைத் துல்லியமாகச் சொல்ல முடியும்.

செய்தி தொலைந்துபோனால் ஒரு கிளை முழுவதும் விடுபடுமே. இரண்டு வழிகளில் அனுப்பலாமா? (அதே மாணவர்)

நல்ல கேள்வி, இதுதான் இத்துறையின் அழகான சிக்கல் என்பேன். பெருமத்தை (மிகப் பெரிய மதிப்பு) இரண்டு வழிகளில் அனுப்பினால் தவறில்லை. ஒரே எண்ணை இருமுறை ஒப்பிட்டாலும் பெருமம் மாறாது. கூட்டுத்தொகை அப்படியல்ல, இருமுறை வந்தால் இருமுறை கூடும். அதற்காக, மீண்டும் மீண்டும் கலந்தாலும் மாறாத தோராயச் சுருக்கங்களைப் பயன்படுத்தும் முறைகள் 2004 வாக்கில் வந்தன. துல்லியத்தில் சிறிது விட்டுக்கொடுத்து, இழப்பைத் தாங்கும் வலிமையைப் பெறுகிறோம். ரேடியோ நம்பகமற்ற இடத்தில் நான் இந்தப் பரிமாற்றத்தையே தேர்ந்தெடுப்பேன்.

கணுக்களில் இருகட்ட உறுதிப்பாடு செய்ய முடியுமா? (மென்பொருள் பொறியாளர்)

இருகட்ட உறுதிப்பாடு என்பது, எல்லாக் கணினிகளும் முதலில் ஒப்புக்கொண்ட பிறகே ஒரு மாற்றத்தை நிரந்தரமாகப் பதியும் முறை. அன்றைய கணுக்களின் 4 கிலோபைட் நினைவகத்தில், பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருக்கும் கணுக்கள் எல்லாவற்றின் ஒப்புதலுக்காகவும் காத்திருப்பது வீண். அளவீடு ஒருமுறை பதிந்தபின் திருத்தப்படுவதுமில்லை.

மூலத் தரவே முழுமையாக வேண்டுமென்றால் என்ன செய்வது? (புவியியல் ஆய்வாளர்)

உங்கள் துறையிலிருந்தே சான்று தருகிறேன். 2005இல் எக்வடோரின் ரெவென்டடோர் எரிமலையில் ஹார்வர்ட் குழுவினர் 16 கணுக்களை நிறுவி 19 நாட்கள் இயக்கினர். நொடிக்கு 100 முறை பதிவாகும் நில அதிர்வை எல்லாக் கணுக்களும் தொடர்ந்து அனுப்ப ரேடியோவின் அலைவரிசை இடம்கொடுக்கவில்லை. எனவே ஒவ்வொரு கணுவும் அண்மைய பதிவுகளைத் தன் ஃபிளாஷ் நினைவகத்தில் சுழற்சியாக வைத்துக்கொண்டது. போதிய கணுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அதிர்வை உணர்ந்ததாகச் சொன்னால் மட்டும், மையநிலையம் அந்த நிகழ்வைச் சுற்றிய 60 நொடித் தரவை ஒவ்வொன்றிடமிருந்தும் கேட்டு வாங்கியது. அங்கே பெரும் தலைவலியாக இருந்தது கடிகாரம். நேர ஒத்திசைவு இடையிடையே பிழைத்ததால், நேரக் குறிகளைப் பின்னர் கணக்கிட்டுத் திருத்த வேண்டியிருந்தது. நீங்கள் கணு வாங்கும் முன் நேர ஒத்திசைவைச் சோதித்துவிடுங்கள்.

இப்போது லோரா (குறைந்த ஆற்றலில் நெடுந்தூரம் எட்டும் ரேடியோ முறை) வந்துவிட்டதே. கணுக்கள் நேராகக் கேட்வேயுடன் (செய்திகளைப் பெற்று இணையத்துக்குக் கடத்தும் நிலையம்) பேசும்போது இந்த ஆய்வு பயன்படுமா? (பண்ணை உரிமையாளர்)

இடைக்கணுக்களே இல்லாததால் மரவழித் தொகுப்பு தேவைப்படாது. ஆனால் எட்டும் தூரத்தை அதிகமாக்க வேகத்தைக் குறைத்தால், ஐரோப்பிய 868 மெகாஹெர்ட்ஸ் விதிகளின்படி ஒரு செய்தியில் 51 பைட் மட்டுமே போகும். ஆகவே சுருக்கும் வேலை கணுவுக்குள் இடம்பெயர்ந்திருக்கிறது. உங்கள் மண் ஈரப்பத உணரி நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தாலும், மணிக்கு ஒருமுறை சிறுமம், பெருமம், கூட்டுத்தொகை, எண்ணிக்கை ஆகிய நான்கை மட்டும் அனுப்பச் செய்யுங்கள். நாள் சராசரியை அவற்றிலிருந்தே சரியாகப் பெறலாம்.